முரண்பாடு கேள்வியா? இரண்டு வரியையும் நம்புங்கள்

போட்டித் தேர்வின் தர்க்கக் கேள்வியில் மோதுவதுபோலத் தெரியும் இரு வரிகளும் உண்மைதான். ஒன்றைப் பொய்யாக்கும் விடையை முதலில் அடித்துவிடுங்கள். இரண்டும் ஒருசேர எப்படி உண்மை என்று விளக்குவதே சரியான விடை.

இப்படி ஒரு கேள்வி என்று வையுங்கள்: ‘குலசேகரத்தில் ரப்பர் ஷீட் விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியது, தோட்டக்காரர் வருமானமோ குறைந்தது. ஏன்?’

‘வெளிநாட்டில் தேவை கூடியது’ என்ற விடைதான் பலரையும் இழுக்கும். அது விலை ஏறியதைத்தான் சொல்கிறது, வருமானத்தைத் தொடவே இல்லை. ‘விடாத மழையால் பாதி நாட்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நடக்கவில்லை’ என்பதே சரி. 150 ரூபாய்க்கு 100 கிலோ விற்றால் 15,000. 170 ரூபாய்க்கு 50 கிலோ என்றால் 8,500தான்!

விலையா அளவா, எண்ணிக்கையா சதவீதமா? முடிச்சு பெரும்பாலும் இங்கேதான். ‘எது விளக்கவில்லை?’ என்று கேட்டிருந்தால் மட்டும் தலைகீழ். கேள்வியின் கடைசிச் சொல்லை விரலால் தொட்டு வாசியுங்கள்.