அலுமினியத்தில் லேசர் அடித்தால் காற்று என்ன செய்கிறது? ஸ்பெக்ட்ரத்தில் பார்க்கும் வழி

லேசர் அடி பட்ட இடத்தில் அலுமினியம் ஆவியாகி, பிளாஸ்மாவாக (மின்னேறிய சூடான வாயு) ஒளிரும். அது ஆறும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் மோனாக்சைடு ஆகும். அதன் ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் கருவி) பிடிப்பதுதான் வேலை. லேசர், லென்ஸ், ஃபைபர் எல்லாம் அலைன் செய்து, லேசரின் அலைநீளமான 1064 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடியும் கண்ணில் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஹார்டுவேர் கடை அலுமினியத் தகடே போதும். உப்புத்தாளால் தேய்த்து, பதிவு செய்யும் முன் அதே இடத்தில் நாலைந்து முறை லேசர் அடியுங்கள். மேலே படிந்திருக்கும் பழைய ஆக்சைடு போய்விடும். நமக்கு வேண்டியது காற்றின் ஆக்சிஜன்.

2. அடுத்து டிலே, அதாவது லேசர் அடித்த பிறகு பதிவு தொடங்கும் வரை விடும் இடைவெளி. புராஜெக்ட் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அடி விழுந்ததும் பிளாஸ்மாவின் சூடு பத்தாயிரம் கெல்வினைத் தாண்டும். அலுமினியம் மோனாக்சைடின் பிணைப்பு வலு சுமார் 5.3 எலக்ட்ரான் வோல்ட்தான். அந்தச் சூட்டில் நிற்காது. பிளாஸ்மா விரிந்து ஆறி, காற்றோடு கலந்த பிறகே அது உருவாகும். 10 முதல் 40 மைக்ரோசெகண்டுக்குள் தேடுங்கள்.

டிரிகர், அதாவது பதிவுக்கான நேரத்தை எண்ணத் தொடங்கச் சொல்லும் சிக்னல், எங்கிருந்து எடுக்கிறீர்கள்? லேசரின் பவர் சப்ளையில் ஃபிளாஷ்லாம்ப் (லேசருக்கு ஆற்றல் ஏற்றும் விளக்கு), கியூ-சுவிட்ச் (சேர்ந்த ஆற்றலை ஒரே அடியாக வெளிவிடும் சுவிட்ச்) என்று இரண்டு சிங்க் சிக்னல் வெளியீடுகள் இருக்கும். லாம்ப் எரிந்து 200 மைக்ரோசெகண்ட் வாக்கில்தான் லேசர் வெளிவரும். லாம்ப் சிங்க்கில் வயரைச் செருகி 20 மைக்ரோசெகண்ட் என்று டிலே வைத்தால், லேசருக்கு முன்பே பதிவு தொடங்கி, ஆரம்பத்து வெள்ளை ஒளி எல்லாவற்றையும் மூடிவிடும். கியூ-சுவிட்ச் சிங்க் பரவாயில்லை. என் ஓட்டு ஃபோட்டோடயோடுக்கு: சிதறும் லேசரையே பார்த்து டிரிகர் தரும்.

மிகக் குறுகிய நேரம் மட்டும் திறந்து மூடும் விலை உயர்ந்த கேட் கேமரா இல்லாமல் முடியாது என்பார்கள். முடியும். எக்ஸ்போஷர் மில்லிசெகண்ட் நீண்டால் என்ன, பிளாஸ்மா அதற்குள் அணைந்துவிடும். தொடக்கத்தை வெட்டினால் போதும். வெளி டிரிகருக்கு மைக்ரோசெகண்ட் துல்லியத்தில் கட்டுப்படும் ஸ்பெக்ட்ரோமீட்டரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

3. 394.4, 396.2 நானோமீட்டரில் தெரிவது அலுமினிய அணுக் கோடுகள். மோனாக்சைடுக்கு 484.2-ஐப் பாருங்கள். கோடாக இருக்காது, யானைமலை மாதிரி ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. செங்குத்து இடப்பக்கம், சரிவு சிவப்பை நோக்கி. 464.8-இலும் பட்டை உண்டு, ஆனால் பக்கத்திலேயே 466.3-இல் அலுமினிய அயனிக் கோடு நின்று குழப்பும்.

4. இப்போது தகட்டை சேம்பரில் வைத்து, காற்றுக்குப் பதில் ஆர்கான் (எதனோடும் எளிதில் சேராத வாயு). வெல்டிங் பட்டறைக்குப் போகும் சிலிண்டரே போதும். 484.2 சுருங்கினால், ஆக்சிஜன் காற்றிலிருந்துதான் வந்தது. அணுக் கோடுகள் ஆர்கானில் பெருக்கும், பதற வேண்டாம்.

பின்சேர்க்கை: ஆர்கான் விட்டும் பட்டை போகவில்லை என்று நாகமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆர்கான் காற்றைவிடக் கனம். கீழே விட்டு மேலே வெளியேற்றுங்கள், ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். சிலிகோன் டியூபை மாற்றுங்கள், அதன் வழியே ஆக்சிஜன் கசியும்.

ஐப்பசி மழையில் 656.3-இல் சிவப்புக் கோடு வருகிறதாம் இன்னொருவருக்கு. அது ஹைட்ரஜன்; காற்றிலுள்ள ஈரம்தான்.