வெளுத்துப்போன பொம்மைக்கு பாலிஷ் போடாதீங்க

நவம்பர் கடைசி ஆச்சுன்னா எங்க பெயிண்டிங் பட்டறைக்கு பைக் பேனலை விட கிறிஸ்துமஸ் பொம்மைங்க தான் ஜாஸ்தி வரும். மதுரையில அரசரடி, ஞானஒளிவுபுரம் பக்கம் மாடியில ஒரு சாண்டா, வாசல்ல குடில், கேட்டுக்கு மேல ஸ்டார்னு வச்சிருப்பாங்க, வருசம் பூராம் அது வெயில்லயே கிடந்து வெளுத்துப் போகும், அப்புறம் பெயிண்ட் அடிக்கணும்னு இங்கிட்டு தூக்கிட்டு வருவாங்க. போன வாரம் அன்பியத்து (சர்ச்ல பக்கத்து வீடுங்க சேந்த குழு) பசங்க ரெண்டு பேரு ஒரு ஆட்டுக்குட்டி பொம்மைய பைக்ல நடுவுல வச்சு கொண்டு வந்தாங்க. பளபளன்னு இருக்கு. "அண்ணே, கலர் திரும்பிருச்சு, மேல லேசா ஒரு கோட் மட்டும் அடிச்சு விடுங்க"ன்னாங்க. தொட்டுப் பாத்தேன், விரல் வழுக்குது, பாலிஷ் தடவியிருக்காங்க. எனக்கு மனசே விட்டுப்போச்சு, ஏன்னா இதே தப்பை நானும் பண்ணி ஒரு டிசம்பரையே தொலைச்சவன்.

கழுவணும், தூசி தட்டணும்னுலாம் எழுதல, அது உங்களுக்கே தெரியும். பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கிறதுல நடக்குற தப்பை மட்டும் ஒண்ணொண்ணா சொல்றேன்.

டேஷ்போர்டு பாலிஷ், தேங்காண்ணெய், டயர் பாலிஷ்

மொட்டை மாடியில ரெண்டு மூணு வருசம் கிடந்த பச்சைக் குடத்தை தேய்ச்சுப் பாருங்க, கையில வெள்ளையா மாவு ஒட்டும். வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கோட மேல்தோலை உடைச்சு மாவாக்கிருச்சுன்னு அர்த்தம். அந்த மாவு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும், அதனால கலர் இருக்குறத விட வெளிறித் தெரியும். அதுமேல எண்ணெயோ பாலிஷோ தடவுனா மாவு நனைஞ்சு அடியில மிச்சம் இருக்குற கலர் பளிச்சுனு தெரியுது, நாமளும் கலர் வந்துருச்சுன்னு நம்பிருறோம். பத்து பதினஞ்சு நாள்ல காஞ்சு பழையபடி ஆகிரும், போதாக்குறைக்கு ரோட்டுப் புழுதி பூராம் அதுல ஒட்டிக்கிரும்.

அதோட போனா பரவால்ல. அடுத்த வருசம் அதுமேல பெயிண்ட் அடிக்கிறோம் பாருங்க, அங்க தான் வினை. நிறைய பாலிஷ்ல சிலிக்கோன்னு ஒரு வழுவழுப்பு எண்ணெய் இருக்கு. அது ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும், குட்டி குட்டியா பள்ளம் விழும், எங்க தொழில்ல ஃபிஷ் ஐனு சொல்லுவோம்.

எங்க சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த மூணடி சாண்டா ஒண்ணு. ஒரு வருசம் பாலிஷ் போட்டேன், எல்லாரும் புதுசு மாதிரி இருக்குன்னாங்க. அடுத்த வருசம் அதையும், அதே மாதிரி பாலிஷ் போட்டு வந்த கஸ்டமர் பொம்மை மூணையும் சேத்து பெயிண்டுக்கு எடுத்தேன். நேரா உப்புத்தாளை போட்டு தேய்ச்சேன், அது அடுத்த தப்பு, சிலிக்கோனை துடைக்காம தேய்ச்சா அது கீறலுக்குள்ள போயி உக்காந்துக்கிரும். சிவப்பு அடிச்சதும் பள்ளம் விழுந்துச்சு, மறைஞ்சிரும்னு நெனச்சு மேல மேல மூணு கோட் ஏத்துனேன். 24ஆம் தேதி சாயங்காலம், ராத்திரிப் பூசைக்கு கிளம்புற நேரம், சீரியல் செட் வயரை மாத்திக் கட்டலாம்னு சாண்டா முதுகுல ஒட்டியிருந்த டேப்பை இழுத்தேன். டேப்போட சேந்து இடுப்புல இருந்து தோள் வரைக்கும் சிவப்பு அப்படியே பாலாடை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. கஸ்டமர் பொம்மை மூணும் பொங்கலுக்கு முன்னாடியே திரும்பி வந்துச்சு. பெயிண்ட், கிளியர் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு), கூலி எல்லாம் என் கைக்காசு. இப்ப வரைக்கும் யாராவது பாலிஷ் டப்பாவோட வந்தா எனக்கு சுர்ருன்னு வரும்.

பாலிஷே போடலைனாலும் இந்த பிளாஸ்டிக்ல சும்மா பெயிண்ட் நிக்காது, அதையும் சொல்லிருறேன். பொம்மைக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 2 இல்ல 5னு போட்டிருந்தா அது வாளி, குடம் பண்ற வகை. நம்பர் இல்லைனா அடியில துளியூண்டு செதுக்கி டம்ளர் தண்ணியில போடுங்க. மிதந்தா அதே ஜாதி தான், சேம்பு இலையில தண்ணி நிக்காத மாதிரி இதுல பெயிண்ட் நிக்காது. கார் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர், அதாவது கலரைப் பிடிச்சு வைக்கிற அடிப்பூச்சு, கட்டாயம் வேணும். வரிசை இதான்: பாத்திரம் கழுவுற சோப் போட்டு மாவு போற வரைக்கும் தேய்ச்சுக் கழுவுங்க, காய விடுங்க, வேக்ஸ் கிரீஸ் ரிமூவரால (மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்குற திரவம்) ஒரு துணியில துடைச்சு அது காயுறதுக்குள்ள வேற துணியில ஒத்தி எடுங்க, அந்தத் துணிய திரும்ப உபயோகிக்காதீங்க. அதுக்கப்புறம் தான் 600 நம்பர் உப்புத்தாள். அப்புறம் திரும்ப ஒரு துடை, பிரைமர் லேசா ஒரு கோட், டப்பாவுல போட்டிருக்குற நேரத்துக்குள்ள கலர். முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் கொஞ்சூண்டு அடிச்சு, நல்லா காஞ்சதும் பிளேடால கட்டம் கட்டமா கீறி செல்லோடேப் ஒட்டி இழுங்க. டேப்ல கலர் வந்தா நிறுத்திருங்க.

தின்னர்ல துடைக்கிறது

தண்ணியில முங்குன வகைன்னா வேணவே வேணாம். நிறையது அதுல கரையும், இல்ல விரிசல் விடும்.

செத்துப்போன பிளாஸ்டிக்குக்கு வைத்தியம்

ஓரத்தை லேசா வளைங்க. படக்குனு உடைஞ்சா வெயில் உள்ள வரைக்கும் போயிருச்சு. பெயிண்ட் கலரைத் தான் தரும், பலத்தைத் தராது. காசை மிச்சம் பண்ணுங்க.

உள்ள லைட் எரியுற பொம்மை

இதுல மேல் பூச்சு கெட்டியா அடிச்சா வெளிச்சமே வராது. முன்னாடி வெள்ளையா இருந்த முகம், தாடி எல்லாம் டேப் போட்டு மூடி அப்படியே விடுங்க, அங்க கிளியர் மட்டும் போதும். குண்டு பல்பு இருந்தா கழட்டிட்டு எல்இடி போடுங்க.

கிளியர் கோட்ல கஞ்சத்தனம்

வெளியில வைக்கிற பொருளுக்கு புற ஊதா தடுப்பு உள்ள கிளியர் தான் வேணும், சாதா வார்னிஷ் மஞ்சளாகிரும். மெல்லிசா ரெண்டு கோட். ஹார்டனர் கலக்குற டூகே கிளியர் நல்லா உழைக்கும், ஆனா அதுல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிக்கிறதெல்லாம் வேணாம், வீட்டுல அதை தொடவே தொடாதீங்க.

விடியக்காலையில ஸ்ப்ரே

மார்கழிப் பனியில அடிச்சா பால் மாதிரி பூத்துரும். பத்து மணிக்கு மேல, நிழல்ல அடிங்க.

தெக்குச் சுவர்ல மாட்டுறது

இதை யாருமே யோசிக்கிறதில்ல. டிசம்பர்ல சூரியன் நமக்கு தெக்கு பக்கமா சாஞ்சு தான் போகுது, அதனால தெக்குச் சுவர்ல பகல் பூராம் வெயில், வடக்குச் சுவர்ல நிழல். வழி இருந்தா வடக்க மாட்டுங்க. மதுரை வெயில் டிசம்பர்லயே லேசுப்பட்டது இல்ல. மூணு ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 முடிஞ்சதும் இறக்கிருங்க. ஈஸ்டர் வரைக்கும் ஸ்டார் தொங்குற வீடு எங்க தெருவுலயே இருக்கு, கத்திரி வெயில் வர்றதுக்குள்ள அந்த சிவப்பு ரோஸ் ஆகிருது. இறக்குனதை மாடித் தகர ஷெட்டுல போடாதீங்க, அந்த சூட்டுல பொம்மை கோணிரும். கட்டிலுக்கு அடியில, பழைய காட்டன் வேட்டியில சுத்தி வைங்க. பேப்பர்ல சுத்துனா மை ஒட்டும்.

அந்த ஆட்டுக்குட்டிய மூணு தடவை சோப் போட்டு கழுவிட்டேன். முதுகு சரியாயிருச்சு, காது மடிப்புல இன்னும் வழுவழுப்பு போகல. பசங்ககிட்ட சனிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.