மும்பைக் கடலோரத் தோட்டத்தில் பனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோராய், உத்தன், வசாய் ஆகிய கடலோரப் பகுதிகளில் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள், ஊர் நினைவாகப் பனை வளர்க்க விரும்பினால், முதலில் நாற்றுப்பண்ணையில் ஏமாறாமல் இருக்கப் பழக வேண்டும். விசிறி இலை கொண்டதெல்லாம் பனை ஆகிவிடாது. மெக்சிகோவைச் சேர்ந்த வாஷிங்டோனியாவின் இளம் இலைப் பிளவுகளில் வெள்ளை நூல்கள் தொங்கும். மட்டையின் ஓரத்தில் வளைந்த முட்கள் இருக்கும். மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா வெள்ளி பூசியதுபோல நீலச்சாம்பல் நிறத்தில் மின்னும். நம் பனையின் ஓலை விறைப்பாக நிற்கும். மட்டையின் இரு ஓரமும் ஒழுங்கற்ற கரும்பற்களோடு இருக்கும். அந்தக் கருக்கை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தவர் பிறகு ஏமாற மாட்டார். ஆனால் முளைத்துச் சில மாதமே ஆன கன்றில் பிளவுபடாத நீண்ட முதல் இலையான பீலி மட்டுமே இருப்பதால், அந்தப் பருவத்தில் இலையை நம்பாமல், எந்தக் கொட்டையிலிருந்து வந்தது என்று கேட்பதே சரி.

இரண்டாவது தவறு, என் கருத்தில் எல்லாவற்றிலும் பெரியது: தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நடுவது. பனங்கொட்டை முளைக்கும்போது தண்டு மேலே வருவதில்லை. முளை முதலில் மண்ணுக்குள் ஓரடிக்கும் கீழே இறங்கி, அங்கே கிழங்கு திரண்ட பிறகுதான் பீலி மேலே எழுகிறது. நாம் தை மாதத்தில் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு இதுதான். ஆழமில்லாத தொட்டியில் அது வளைந்து நசுங்கிவிடும். பிடுங்கினால் வேர் அறுந்துபோகும். நானும் ஒரு வடலியை, அதாவது இளம் பனையை, ஆசையாகத் தோண்டி இடம் மாற்றி நட்டேன். இரண்டே மாதத்தில் குருத்து கையோடு வந்துவிட்டது. ஆகவே பழுத்து விழுந்த பனம்பழத்தின் கொட்டையை, மரம் நிற்கப்போகும் இடத்திலேயே, பத்தடி இடைவெளி விட்டு ஊன்றிவிடுவது நல்லது. தாட்கோளா என்று இங்கே விற்கும் நுங்கு முற்றாத விதை; அதை நட்டால் முளைக்காது.

வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்குகிறதே என்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர் தேங்கும் பள்ளத்தில் ஊன்றுவதும் தவறுதான். வளர்ந்த மரம் சில நாள் நீரைப் பொறுத்துக்கொள்ளும். முளைக்கும் கொட்டையோ அழுகிவிடும். மண்ணை மேடாக்கி ஊன்றுங்கள்.

வடலி பல ஆண்டுகள் தரையோடு ஓலை மட்டும் விரித்து நிற்பதைப் பார்த்து, வளரவில்லை என்று வெட்டி எறிபவர்களும் உண்டு. அடிமரம் மண்ணுக்குள் பருத்த பிறகே மேலே உயரத் தொடங்கும் என்பதால், அந்த ஆண்டுகள் வீணானவை அல்ல. அழகுக்காகப் பச்சை ஓலைகளைக் கழிப்பதும் வேண்டாம். காய்ந்து தொங்குவதை மட்டும் நீக்கினால் போதும். விரிந்த ஓலை கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு குருத்தில் புகுந்திருக்கிறது. அருகிலுள்ள சாணக்குழியில் அதன் புழுக்களைத் தேடி அழிக்க வேண்டும்.

ஒற்றை மரம் நட்டு நுங்குக்குக் காத்திருப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, எது எதுவென்று கண்ணால் தெரியாது. இடம் இருந்தால் ஐந்தாறு கொட்டைகளையாவது ஊன்றுங்கள்.