ஆற்றடிச் சிற்றுயிர்களைக் காலால் கிளறிப் பிடிக்கும் முறை

ஆற்றுக் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சிகளின் இளவுயிரிகள், நத்தைகள், புழுக்கள் ஆகியவற்றைப் பார்த்தே அந்த நீரின் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம். பிடிக்கும் முறை தவறினால் முடிவும் தவறிவிடும்.

வலையின் சட்டம் அடியில் தட்டையாக இருக்கட்டும். வட்டச் சட்டம் வேண்டாம், அது ஆற்றுப் படுகையில் பொருந்தி உட்காராது. வலைக்கண் 1 மில்லிமீட்டர் இருந்தால் தொடங்குபவருக்குப் போதும். 0.5 மில்லிமீட்டர் வலையில் மிகச் சிறியவையும் சிக்கும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இவற்றோடு ஒரு வாளி, வெள்ளைத் தட்டு, கைலென்ஸ்.

கற்கள் மேல் நீர் சலசலத்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் முழங்காலைத் தாண்டக் கூடாது, துணைக்கு ஒருவர் கரையில் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கமாக இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுங்கள். வலையின் வாய் ஓட்டத்தைப் பார்த்திருக்க, அதற்குச் சற்று மேலே குதிகாலால் படுகையைக் கிளறுங்கள். மொத்தம் 3 நிமிடம். படுகையில் பாதி சரளை என்றால் அதில் 90 விநாடி. மணலுக்கும் செடிகளுக்கும் அவற்றின் பங்குக்கு ஏற்ப மீதி நேரம்.

நான் தடுமாறியது இங்கேதான். கல்லைப் புரட்டினால் மே ஈ என்ற பூச்சியின் இளவுயிரிகள் கூட்டமாக ஓடும். வலையிலோ ஒன்றிரண்டுதான் இருக்கும். சட்டத்துக்கும் படுகைக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருந்ததை முதலில் கண்டுபிடித்தேன். அதைச் சரிசெய்த பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை. வலைக்குள் கை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: சருகும் வண்டலும் வலைக்கண்களை அடைத்திருந்தன, உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி வாய் வழியாகவே திரும்பியது, பிடிபட்டவையும் அதோடு போயின. இப்போது வலை கனக்கத் தொடங்கியதும் கடிகாரத்தை நிறுத்தி, வாளியில் கொட்டிவிட்டுத் தொடர்கிறேன். கிளறும் நேரம் மட்டுமே கணக்கு.

பிறகு 1 நிமிடம் பெரிய கற்களைக் கையால் தடவிப் பாருங்கள். கல்லோடு ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் ஈ என்ற பூச்சியின் இளவுயிரிகள் உதைக்கு அசையாது.

தட்டில் விரலளவு நீர் ஊற்றி, வலையை உள்வெளியாகப் புரட்டி அலசுங்கள். தையல் மடிப்புகளையும் பாருங்கள். அங்கே தங்குவது அடுத்த இடத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். மே ஈயையும் கல் ஈ என்ற இன்னொரு பூச்சியையும், முன்னதற்கு மூன்று வால், பின்னதற்கு இரண்டு என்று எண்ணிப் பிரிப்பதை நான் நம்புவதில்லை, இரண்டே வால் உள்ள மே ஈக்களும் உண்டு. காலின் நுனியைப் பாருங்கள்: மே ஈக்கு ஒரு நகம், கல் ஈக்கு இரண்டு.

பின்சேர்க்கை: இம்முறையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்று சொல்ல முடியுமா எனச் சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது. அதற்கு 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் பொருத்திய சர்பர் வலை வேண்டும். இறங்க முடியாத ஆழத்தில், கற்கள் நிரப்பிய கூடையைச் சில வாரம் மூழ்கவைத்து எடுப்பது ஒரு வழி. வேறு ஆற்றுக்குப் போகுமுன் வலையையும் காலணியையும் கழுவி முழுக்க உலர்த்துங்கள். ஈரத்தில் ஒளிந்திருக்கும் அயல் உயிரிகள் அப்படித்தான் இடம் மாறுகின்றன.