வேலூர் மூக்கால் விஸ்கியை ருசிப்பது எப்படி? முதல்முறை உட்காருகிறவர்களுக்கான செய்முறை

விஸ்கி டப்பாவின் மேல் "ஹெதர் பூவும் தேனும்", "கிறிஸ்துமஸ் கேக்" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஹெதர் என்பது ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் பூக்கும் செடி. காட்பாடியில் பிறந்து வளர்ந்த நான் அதை முகர்ந்ததே கிடையாது. ஆனாலும் முதல் இரண்டு வருடம் அந்த வார்த்தைகளைத்தான் நோட்டில் எழுதி வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனபோது, சின்ன வயதில் ராணிப்பேட்டையில் பார்த்த தோல் கிடங்கு ஞாபகத்துக்கு வந்தது. அதை அப்படியே எழுதினேன். ஒரு விஸ்கிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

அதனால் இங்கே சொல்லப்போகும் முறை முழுக்க நம் ஊர் வாசனைகளை வைத்து வெளியூர் விஸ்கியை அடையாளம் காண்பதுதான். 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர்கள் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

பாட்டில் வாங்கும் முன் மூக்குக்குப் பயிற்சி

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி ஒரு சில சுவைகளைத்தான் நாக்கு பிடிக்கும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூடியுள்ள எட்டுச் சின்னக் கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமியோபதி மருந்துக் கடையில் கிடைக்கும் காலி பாட்டில்கள் இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள்: வெல்லம், வெனிலா எசன்ஸ், உலர்திராட்சை, கிராம்பு, ஜவ்வாது மலைத் தேன், பழுத்த வாழைப்பழத் துண்டு, செருப்பு தைக்கும் கடையில் கேட்டு வாங்கிய தோல் துணுக்கு, டிஞ்சர் அயோடின் நனைத்த பஞ்சு. தேங்காய் ஓட்டைக் கொளுத்தி, அந்தப் புகையைத் தனியாக முகர்ந்துகொள்ளுங்கள்.

இந்த எட்டையும் சும்மா எடுத்துவிடவில்லை. விஸ்கி ஓக் மரப்பீப்பாயில் ஊறுகிறது. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் அந்த மரத்திலும் இருக்கிறது. கிராம்பில் உள்ள யூஜெனாலும் அதிலிருந்து இறங்கும். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டும்போது மரத்தின் சர்க்கரை கருகுவதால் வெல்லப்பாகு மணம் சேர்கிறது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை. வாழைப்பழ மணம் மரத்திலிருந்து வருவதில்லை. தானியக் கூழ் நொதிக்கும்போதே ஈஸ்ட் அதை உண்டாக்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது பாட்டில்களை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். எட்டில் ஆறாவது சரியாகச் சொல்ல வந்த பிறகு விஸ்கிக்குப் போகலாம். இந்தப் பயிற்சிக்கு ஒரு வாரம் ஆகும், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நான்கு?

தொடக்கத்துக்கு நான்கு போதும். நான்கு பேர் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினால் செலவும் தாங்கும்.

முதலாவது ஐரிஷ். ஜேம்சன் நல்ல ஆரம்பம். அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்று முறை காய்ச்சி வடிப்பார்கள், புகையும் சேர்ப்பதில்லை. அதனால் லேசாக, பழ வாசனையோடு இருக்கும்.

இரண்டாவது ஸ்பேசைட். ஸ்காட்லாந்தின் 2009ஆம் ஆண்டு விஸ்கி விதிகள் ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்ப்பெல்டவுன் என்று ஐந்து வட்டாரப் பெயர்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன. இதில் வடிசாலைகள் நெருக்கமாக இருப்பது ஸ்பேசைடில்தான். கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12 இரண்டில் எது கிடைத்தாலும் சரி (12 என்பது பீப்பாயில் குறைந்தது ஊறிய வருடம்). தேன் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகருங்கள்.

மூன்றாவது நம் பக்கத்து ஊர்க்காரர், பெங்களூரின் அம்ருத். வேலூரிலிருந்து நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் சொச்சம்தான். 2004இல் கிளாஸ்கோவுக்கே போய், ஸ்காட்லாந்துக்காரர்கள் முன்னாலேயே தங்கள் சிங்கிள் மால்ட்டை (முளைவிட்ட பார்லியில் மட்டும், ஒரே வடிசாலையில் செய்த விஸ்கி) அறிமுகப்படுத்தினார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகிறது. பெங்களூரில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். சூட்டில் மரமும் ஸ்பிரிட்டும் வேகமாகக் கலப்பதால் நான்கைந்து வருடத்திலேயே கனத்த மணம் ஏறிவிடுகிறது. கோவாவின் பால் ஜானும் இதே கதைதான். மலிவு விலை இந்திய விஸ்கிகள் பலவற்றில் மொலாசஸ் என்ற கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட் கலந்திருக்கும். அம்ருத்தும் பால் ஜானும் பார்லி மால்ட்டில் செய்தவை. ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

நான்காவது ஐலா தீவு. லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகாவுலின் எல்லாம் அந்த ஊர். முளைவிட்ட பார்லியைப் பீட் என்ற மட்கிய கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை கூடவே வரும். முதன்முதலாக என் மச்சானிடம் லஃப்ரோய்க்கை நீட்டியபோது, "மச்சான், இது ஆஸ்பத்திரி வராண்டா வாசனைடா" என்றான். ஐந்து வருடப் பழக்கம் உள்ளவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. அயோடினும் லோஷனும் நமக்கு நன்றாகத் தெரிந்த மணங்கள். ஐலாவைப் பிடித்துக்கொள்வதில் வேலூர்க்காரனுக்கு அது பெரிய வசதி.

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை இரண்டாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை அங்கே மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாததால் அது ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறது. கிளென்லிவெட்டில் வெனிலா வாசம் வந்தால் அது அமெரிக்கா வழியாக வந்தது என்று புரிந்துகொள்ளலாம். ஜப்பான் விலை அதிகம், பிறகு பார்க்கலாம்.

வேலூர் வெயிலைச் சமாளிப்பது

என் முதல் அமர்வு மே மாதம், மொட்டைமாடியில், மதியம் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு. நான்கு கிளாஸிலும் ஸ்பிரிட் நெடிதான் ஏறியது. காரணம் எளிது. சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கை அடைத்துவிடும், மெல்லிய மணங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மார்கழி, தை மாத இரவுகள் நல்லது. கோடையில் செய்தே ஆக வேண்டும் என்றால் ஏசி அறை. அதுவும் இல்லையென்றால் பாட்டிலை மண்பானைத் தண்ணீரில் அரை மணி நேரம் நிற்க வையுங்கள். ஐஸ் போடாதீர்கள், குளிர்ந்தால் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், தயிர் சோறு மாதிரி ஏதாவது. அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் கூடாது. ஊறுகாயும் மிக்சரும் கடைசிக் கிளாஸ் முடியும்வரை உள்ளே வரக்கூடாது. இடையில் வாய் கழுவ வெறும் பொரி, தண்ணீர்.

தண்ணீர் கேன் தண்ணீராகவோ ஆர்ஓ தண்ணீராகவோ இருக்கட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு விஸ்கியின் ருசியை மாற்றிவிடும்.

கிளாஸ் அடியில் அகன்று வாயில் குறுகியிருக்க வேண்டும், துலிப் பூ மாதிரி. கிளென்கேர்ன் என்று கேட்டால் இணையத்தில் கிடைக்கும். சின்ன ஒயின் கிளாஸும் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம்.

இனி ருசிக்கலாம்

குடிக்காத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். கிளாஸ் அடியில் 1, 2, 3, 4 என்று ஸ்டிக்கர். எந்த எண் எந்த பாட்டில் என்பது அவருக்கு மட்டும் தெரியட்டும். விலையும் லேபிளும் நம்மை ஏமாற்றும் அளவுக்கு வேறு எதுவும் ஏமாற்றாது. ஒரு விதி மட்டும்: புகை உள்ளது கடைசியில். ஐலா முன்னால் வந்தால் அடுத்த மூன்றும் தண்ணீராகத் தெரியும். அதனால் நான்காவது எது என்று ஊகிக்க முடியும், முதல் மூன்றுக்குள் சூது இருந்தால் போதும்.

ஒரு கிளாஸுக்கு 15 மில்லி. நான்கும் சேர்த்து 60 மில்லிதான். ஒன்றுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

கிளாஸை முதலில் முகவாய்க்கட்டை உயரத்தில் பிடியுங்கள். மெல்ல மேலே கொண்டுவந்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டு ஆழ இழுத்தால் எரியும், அடுத்த ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. தெரிந்த வாசனையை உடனே எழுதுங்கள். "பாட்டி வீட்டு மரப்பெட்டி", "முதல் மழை மண்", "மக்கன் பேடா ஊறிய பாகு" எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது. ஒருவர் வாய்விட்டு வெனிலா என்றுவிட்டால் எல்லோருக்கும் வெனிலாவே தெரியும்.

அப்புறம் ஒரு சிறு மடக்கு. ஒரே கல்ப்பில் இறக்காமல், நாக்கு முழுக்கப் பத்து விநாடி உருட்டுங்கள். முதல் மடக்கு வாயைப் பழக்குவதற்குத்தான், இரண்டாவதை வைத்துத்தான் தீர்ப்பு. விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். அப்போது திரும்பி வரும் மணத்தைத்தான் பின்சுவை என்கிறேன். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரிகள் மூலம் காட்டியது இது: தண்ணீர் சேரும்போது, புகை மணத்துக்குக் காரணமான குவையகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. மூக்கு அதை உடனே உணரும். 46 சதவீத ஆல்கஹால் உள்ள அம்ருத்தில் இந்த மாற்றத்தை நான் மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்

100க்கு மதிப்பெண் போடுவது புத்தகம் எழுதுகிறவர்களின் வழக்கம். 87க்கும் 88க்கும் வித்தியாசம் சொல்லத் தொடக்கக்காரரால் முடியாது. வாசனை, நாக்கு, பின்சுவை, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பது, நான்குக்கும் பத்துப் பத்தாக 40 வைத்துக்கொள்ளுங்கள். "பிடித்தது" வேறு, "நன்றாகச் செய்யப்பட்டது" வேறு. ஐலா உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் புகைக்குப் பின்னால் இனிப்பும் உப்பும் வரிசையாக வந்தால் அதற்குரிய எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். பிடித்ததற்கு ஓரத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். எல்லா அமர்விலும் ஒரே ஒரு பாட்டிலைத் திரும்பத் திரும்ப வையுங்கள். என் வீட்டில் அது கிளென்ஃபிடிக் 12. அதற்கு நான் வழக்கமாகப் போடுவது 28. ஒரு நாள் 23 வந்தது என்றால் அன்றைக்கு என் மூக்கில் சளி, அல்லது மனம் சரியில்லை. அந்த நாளின் மற்ற மதிப்பெண்களை அடித்துவிடுவேன்.

எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் எண்களுக்குரிய பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். சென்ற தை மாதம் என் நோட்டில்: "கிளாஸ் 2. கிராம்பு, கருகிய வெல்லம், மாம்பழத் தோல். தண்ணீர் விட்டதும் செருப்புத் தோல் வாசனை. 33." ஸ்டிக்கரைப் பார்த்தால் அம்ருத். அதே கிளாஸுக்கு மச்சான் 26 போட்டிருந்தான். இரண்டு எண்ணும் நோட்டில் அப்படியே இருக்கின்றன, யாரும் திருத்தவில்லை.

மீதி பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள்; படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். ஜன்னலோரம், சமையலறை அலமாரி வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, மூடியில் தேதி எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே நான்கையும் மறுபடி எண் மாற்றி ஊற்றச் சொல்லி, பழைய பக்கத்தைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.