பஞ்சு உருண்டைகளைக் கொண்டு குளிர்காலத்தில் கூட்டல் பழக்குதல்

ரொறன்ரோவில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பாகவே இருட்டிவிடுவதால், பள்ளி விட்டு வரும் சிறு பிள்ளைகள் எஞ்சிய பொழுதை வீட்டுக்குள்ளேயே கழிக்க நேர்கிறது. அதில் ஒரு கால்மணி நேரத்தை ஒதுக்கினால், பாலர் வகுப்பிலோ முதலாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளைக்குக் கூட்டலைக் கையாலேயே பழக்கிவிடலாம். ஒன்ராறியோவில் 2020ஆம் ஆண்டு வெளியான கணிதப் பாடத்திட்டம், முதலாம் வகுப்புப் பிள்ளை 10 வரையிலான கூட்டல்களை நினைவிலிருந்தே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த நினைவை ஒப்பித்து ஏற்றுவதைவிட, பொருள்களைத் தொட்டும் நகர்த்தியும் சேர்த்தும் பெறுவதே நிலைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண்குறி என்னும் இந்த வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார். 1980களிலிருந்து சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கணிதம் அதையே அடிப்படையாகக் கொண்டது.

இதற்கு வேண்டிய பொருள்கள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருப்பவையே. பன்னிரண்டு முட்டைகள் வரும் காகித அட்டைப் பெட்டியின் மூடியை நீக்கிவிட்டு, ஒரு முனையில் உள்ள இரண்டு குழிகளையும் கத்தரித்து எடுத்தால், வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைகளில் பத்துக் குழிகள் மிஞ்சும். பல்லாங்குழிப் பலகையைப் போலவே இந்தக் குழிகளும், போட்ட பொருளை உருண்டோடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். இத்தகைய பெட்டிகள் இரண்டும் இருபது பஞ்சு உருண்டைகளும் இருந்தால் போதும். உருண்டைகளில் பத்தின் மேல் உணவுச் சாயம் கலந்த நீரைச் சில துளிகள் விட்டு, இளநீலமாக்கி, ஓர் இரவு உலரவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் வீட்டில் இருந்தால், அவர்கள் உருண்டைகளை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது அவசியம்.

வெளியிலிருந்து உண்மையான பனியையே ஒரு தட்டில் அள்ளி வந்து எண்ணலாமே என்று தோன்றும். பனி விளையாட்டுக்கு நல்லது, ஆனால் கூட்டலுக்கு உதவாது. இரண்டு பனியுருண்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை ஒன்றாகிவிடும். சேர்த்த பிறகும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதே எண்ணும் பொருளுக்கு முதல் தகுதி.

கூட்டலைத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை வேண்டும். ஐந்து உருண்டைகளைக் குழிகளில் இடச் சொல்லி, பிள்ளை தொட்டுத் தொட்டு எண்ணி முடித்ததும், “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். “ஐந்து” என்று உடனே சொன்னால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அதற்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் சில வாரங்கள் எண்ணிப் பழகும் விளையாட்டே தேவை. கூட்டலைத் தள்ளிப்போடுவதில் எந்த இழப்பும் இல்லை.

பிறகு ஒரு கதையோடு தொடங்கலாம். “காலையில் முற்றத்தில் மூன்று பனிப்பந்துகள் கிடந்தன, மத்தியானம் இன்னும் இரண்டு விழுந்தன” என்று சொல்லி, மேல்வரிசையில் இடமிருந்து வலமாக மூன்று வெள்ளை உருண்டைகளையும் இரண்டு நீல உருண்டைகளையும் பிள்ளையையே வைக்கச் செய்ய வேண்டும். இரண்டு நிறங்கள் இருப்பதால், ஐந்தாகச் சேர்ந்த பின்னும் மூன்றும் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வரிசை நிறைந்துவிட்டால் அது ஐந்து என்பது சில நாள்களில் எண்ணாமலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்த படிதான் மிகுந்த பொறுமையைக் கேட்பது. தொடக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் ஒன்றிலிருந்துதான் எண்ணுவார்கள். ஐந்திலிருந்து தொடர்ந்து எண்ணப் பழக்குவதற்கு, ஐந்து உருண்டைகளை ஒரு கம்பளித் தொப்பிக்குள் மூடிவிட்டு, இரண்டை வெளியே வைக்க வேண்டும். தொப்பியைத் தட்டி “ஐந்து” என்றும், வெளியே உள்ளவற்றைத் தொட்டு “ஆறு, ஏழு” என்றும் சொல்ல வேண்டும். வெளியே உள்ள முதல் உருண்டையைத் தொடும்போதே “ஐந்து” என்று சொல்லி, ஆறு என்ற விடைக்கு வந்துவிடுவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. அப்போது “தவறு” என்று சொல்லாமல், தொப்பியைத் தூக்கி உள்ளே இருப்பவற்றைப் பார்க்கவிட்டு, மறுபடியும் மூடி, தொப்பியைத் தட்டுவதிலிருந்து தொடங்கச் செய்தால் பெரும்பாலும் தானாகவே திருந்திவிடும். இது கைவந்த பிறகு, இரண்டோடு ஏழைக் கூட்டும்போது எந்தக் குவியலைத் தொப்பிக்குள் வைத்தால் எண்ணும் வேலை குறையும் என்று பிள்ளையிடமே கேட்கலாம்.

இரண்டாவது பெட்டி பத்தைத் தாண்டும் கூட்டலுக்கு. ஒரு பெட்டியில் எட்டு வெள்ளை உருண்டைகளையும் மற்றதில் ஐந்து நீல உருண்டைகளையும் வைத்துவிட்டு, முதல் பெட்டி நிறைய இன்னும் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். காலியாக உள்ள இரண்டு குழிகள் விடையைக் காட்டிவிடும். பிள்ளை இரண்டு நீல உருண்டைகளை எடுத்து அங்கே போட்டவுடன் ஒரு பெட்டி நிறைந்து பத்தாகும், மற்றதில் மூன்று மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இதைத் தாளில் எழுதி விளக்குவதற்கு எத்தனை சொற்கள் தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு உருண்டைகளும் இடம் மாறுவதன் மதிப்பு புரியும். மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் இதனோடு சேர்ந்ததே: பத்து உருண்டைகளில் சிலவற்றைக் கையுறைக்குள் ஒளித்துவிட்டு, மிஞ்சியதைக் காட்டி, “உள்ளே எத்தனை?” என்று கேட்கலாம்.

இரட்டிப்புக் கூட்டலுக்குப் பனித்துகளின் வடிவம் உதவும். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால், பனித்துகளுக்குப் பெரும்பாலும் ஆறு கைகள் இருக்கும். மூன்று ஐஸ் குச்சிகளை நடுவில் ஒட்டினால் அத்தகைய ஒரு துகள் கிடைக்கும்; இரண்டு துகள்களின் கைகளை எண்ணினால் பன்னிரண்டு.

எழுதுவதற்கு அவசரப்பட வேண்டாம். முதலில் உருண்டைகளைப் பார்த்து வட்டங்களாக வரையட்டும்; பிறகு பெட்டியின் அருகிலேயே 3 + 2 = 5 என்ற அட்டையை வைக்கலாம். இடையிடையே 5 = 3 + 2 என்றும் எழுதிக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் சமக்குறி என்றாலே “விடையை இங்கே எழுது” என்ற கட்டளை என்று பிள்ளை எண்ணிவிடும். உருண்டைகள் பறக்கத் தொடங்கினால் அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிடலாம். தொடாமலேயே விடை சொல்லத் தொடங்கிய பிறகும் பெட்டிகளை எட்டும் இடத்திலேயே வைத்திருங்கள். 7 + 6, 9 + 8 போன்றவை வரும்போது பிள்ளை அவற்றைத் தேடி வரும்.