காற்று மாசும் அன்றாட இறப்பும்: சிகாகோ தரவைக் கொண்டு மாதிரி அமைக்கும் முறை

காற்றில் மாசு கூடிய நாள்களில் ஒரு நகரத்தில் இறப்பும் கூடுகிறதா என்பதைக் கணக்கிட்டுப் பழக, புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) நிரல்மொழியின் டிஎல்என்எம் (dlnm) என்ற துணைநிரல் தொகுப்போடு சேர்ந்தே வரும் சிகாகோ தரவு மிகவும் ஏற்றது. 1987 ஜனவரி 1 முதல் 2000 டிசம்பர் 31 வரை 5,114 நாள்களுக்கு, நாளுக்கொரு வரியாக, இறப்பு எண்ணிக்கை, வெப்பநிலை, ஈரப்பதம், பிஎம் 10 துகள் (10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள காற்றுத் துகள்), ஓசோன் ஆகியவை அதில் உள்ளன.

முதலில் எந்த மாதிரியும் (தரவை விளக்கும் சமன்பாடு) பொருத்தாமல், இறப்பைத் தேதிவாரியாக வரைந்து பாருங்கள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கோடு மேலெழுந்து கோடையில் தாழும். 1995 ஜூலை நடுவில் மட்டும் ஊசிபோல் செங்குத்தாக எழும். அது 700க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெப்ப அலை. பிஎம் 10 அளவு பதிவாகாத நாள்களையும் இப்போதே எண்ணிவிடுங்கள். அந்த வெற்றிடங்களைச் சுழியத்தால் நிரப்பினால், அளக்கப்படாத நாள்களெல்லாம் தூய காற்று வீசிய நாள்களாகிவிடும்.

புகைபிடிப்போரின் விகிதம், வருமானம், வயது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாமா என்ற கேள்வி பலருக்கும் எழும். இங்கே ஒரே நகரம் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையே புகைபிடிப்போர் தொகை மாறுவதில்லை என்பதால் அவை தேவையில்லை. நாளுக்கு நாள் மாறுபவையே நம்மை ஏமாற்றக்கூடியவை: பருவம், வானிலை, கிழமை.

இறப்பு என்பது எண்ணிக்கையாதலால், மடக்கை இணைப்புள்ள பாய்சான் தொடர்புப் போக்கை, அதாவது எண்ணிக்கையின் சராசரியை மடக்கை (log) அளவில் பிற காரணிகளோடு இணைக்கும் மாதிரியை, எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பாய்சான் மாதிரி பரவற்படியும் (எண்ணிக்கைகள் சிதறியிருக்கும் அளவு) சராசரியும் சமம் என்று கொள்கிறது; ஆனால் பரவற்படி சராசரியைவிடப் பெரிதாக இருப்பது இத்தகைய தரவில் வழக்கம் என்பதால், அதற்கு இடம் தரும் குவாசி பாய்சான் வகையே பாதுகாப்பானது. இல்லாவிட்டால் திட்டப்பிழை (விடையின் நிச்சயமின்மையின் அளவு) பொய்யாகச் சுருங்கும்.

உழைப்பில் பெரும்பங்கு காலத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே கழியும். தேதியின் மீது ஒரு ஸ்ப்ளைன் வளைவை (துண்டுகளை இணைத்த வழவழப்பான வளைவு) பொருத்தி, ஆண்டுக்கு 7 கட்டின்மைக் கூறுகள் (வளைவு எவ்வளவு நெளியலாம் என்பதன் அளவு) கொடுப்பது பரவலான வழக்கம். குறைவாகக் கொடுத்தால் பருவத்தின் விளைவு மாசின் கணக்கில் ஏறிவிடும். மிகுதியாகக் கொடுத்தால், நாம் தேடும் மாசின் விளைவையே வளைவு விழுங்கிவிடும். எனவே அந்த எண்ணை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள். பிறகு 4 முதல் 12 வரை மாற்றிப் பார்த்து, கிடைத்த விடைகள் அனைத்தையும் வெளியிடுங்கள். பிடித்த விடை வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது ஆய்வாகாது.

வெப்பநிலைக்கும் நேர்கோடு போதாது. கடுங்குளிரும் கடும்வெயிலும் இரண்டுமே கொல்லும் என்பதால் அதற்கும் வளைவு வேண்டும். வெயிலின் தாக்கம் ஓரிரு நாள்களிலும், குளிரின் தாக்கம் பல நாள்கள் கழித்தும் தெரியும் என்பதால், முந்தைய நாள்களின் வெப்பநிலையையும் சேருங்கள். கிழமையைத் தனிக் காரணியாக இடுங்கள். மாசுக்கு, அன்றைய அளவும் முந்தைய நாளின் அளவும் சேர்ந்த சராசரி நல்ல தொடக்கம்.

மாசுக்குக் கிடைக்கும் கெழுவை (மாசு ஓர் அலகு கூடும்போது ஏற்படும் மாற்றத்தைக் காட்டும் எண்) 10ஆல் பெருக்கி, e என்ற எண்ணின் அடுக்காக ஏற்றினால், கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது இறப்பு எத்தனை மடங்காகும் என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, கெழு 0.0005 என்று கொண்டால் விடை 1.005, அதாவது அரை விழுக்காடு உயர்வு. நாளொன்றுக்கு 115 பேர் இறக்கும் நகரில் ஒருவருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது மென்பொருளில் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் அமைப்புகூட விடையைப் புரட்டிவிடும். அமெரிக்காவின் பெரிய நகரங்களை ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, தான் பயன்படுத்திய மென்பொருள் கணக்கீட்டை உரிய நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டதை 2002இல் கண்டறிந்தது. பிஎம் 10 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது இறப்பு உயர்வு 0.41 விழுக்காடு என்றிருந்த மதிப்பு, நிறுத்த வரம்பைக் கடுமையாக்கியபோது 0.27 ஆகவும், வேறு வகை வளைவைப் பொருத்தியபோது 0.21 ஆகவும் இறங்கியது. விளைவு மறையவில்லை, ஆனால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை. இதைப் பலர் செய்வதில்லை. இன்றைய மாசோடு நாளைய மாசையும் அதே மாதிரியில் சேர்த்துப் பாருங்கள். நாளைய காற்று இன்று எவரையும் கொல்ல முடியாது. ஆகவே அதன் கெழு சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பருவமோ வானிலையோ இன்னும் எங்கோ கசிகிறது. கால வளைவுக்குத் திரும்பிச் செல்லுங்கள்.